ஒரு கவளமும் வெற்றியே

விழா எடுப்பதில் நம் பங்குகள் எவருக்கும் பின்தங்கியவை அல்ல. கொடியேற்றம், நவநாள், தேர்ப்பவனி, அசன விருந்து எனத் திருவிழாக்கள் ஆண்டுதோறும் தொடர்கின்றன. முதல் நற்கருணை, திருமண வெள்ளி விழா, குருத்துவப் பொன்விழா என ஒவ்வொரு நிறைவுக்கும் மாலையும் மலரும் வாழ்த்துரையும் உண்டு. நிறைவைப் போற்றுவது நல்ல பண்பே. ஆனால் நிறைவை நோக்கித் தள்ளாடி நடக்கும் கால்களைப் போற்ற நம் சமூகத்துக்குத் தெரிகிறதா? உணவோடு போராடி மீண்டுவரும் மனிதர்களை முன்னிறுத்தி இவ்வினாவை எழுப்ப விரும்புகிறோம்.

பல மாதங்கள் உணவைக் கண்டு அஞ்சிய ஒரு பெண், ஒரு நாள் காலையில் குடும்பத்தோடு அமர்ந்து ஓர் இட்லியை முழுமையாக உண்கிறாள். எல்லாரும் உறங்கிய பின் சமையலறையில் மறைவாக நின்று, வயிறு நோகும்வரை தின்று, பின்னர்த் தம்மையே வெறுத்துக்கிடந்த ஒருவர், அந்த மறைவை ஒரு நாள் தம் மனைவியிடம் வாய்திறந்து சொல்லுகிறார். உண்டதை வலிந்து வாந்தியெடுக்கும் பழக்கத்தில் சிக்கிய ஒரு கல்லூரி மாணவி, ஒரு முழு நாளை அதைச் செய்யாமல் கடத்துகிறாள். இத்தகைய செய்திகளைக் கேட்டதும் நம்மவர் பலர் எழுப்பும் கேள்வி ஒன்றுதான்: “சாப்பிடுறதெல்லாம் ஒரு சாதனையா?”

ஆம், சாதனையே. அந்தச் சாதனை போற்றப்பட வேண்டும் என்பதே நம் வழக்கு. இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

இறக்குமதியான நோயா?

“இதெல்லாம் மேலை நாட்டு நோய், பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஒல்லியாக வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தேடிக்கொண்ட வினை” என்பது முதல் வாதம்.

நோய் புதியதன்று. உணவை மறுத்து மெலிந்துபோகும் இளம் பெண்களைப் பற்றி 1873-ஆம் ஆண்டிலேயே இலண்டனில் வில்லியம் கல், பாரிசில் சார்லஸ் லசேக் என்னும் இரு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்தனர். கல் இட்ட பெயர்தான் ‘அனோரெக்சியா நெர்வோசா’. கட்டுமீறி உண்டு, உண்டதை வலிந்து வெளியேற்றும் நோயை 1979-இல் ஜெரால்டு ரசல் ‘புலிமியா நெர்வோசா’ எனப் பெயரிட்டுப் பிரித்துக் காட்டினார். வெளியேற்றாமல், கட்டுமீறி உண்ணுவது மட்டுமே தொடரும் நிலையை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல்தான் தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது.

நம் நாட்டிலும் இது நுழையாமல் இல்லை. உணவை மறுத்தும், தொடர்ந்து வாந்தியெடுத்தும், மிகவும் மெலிந்தும், மாதவிலக்கு நின்றும் மருத்துவம் நாடிவந்த ஐந்து இளம் பெண்களைப் பற்றி 1995-இல் தில்லி மருத்துவர்கள் எழுதினர். மேலை நாட்டு நோயாளிகளிடம் காணும் உடல் தோற்றம் பற்றிய திரிந்த உணர்வு இப்பெண்களிடம் காணப்படவில்லை என்பது அவர்களுடைய குறிப்பு. சிறுவர், வளரிளம் பருவத்தினரிடையே உள்ள உணவுக் கோளாறுகளைப் பற்றி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவர்கள் 2007-இல் ஓர் ஆய்வையே வெளியிட்டனர். எனவே, “ஒல்லியாக ஆசைப்பட்டதால் வந்தது” என்று கூறி இந்நோயாளரை ஒதுக்குவது பொருந்தாது. “பசியே இல்லை”, “வயிறு ஏற்கவில்லை”, “தொண்டையில் இறங்கவில்லை” என்ற எளிய சொற்களின் பின்னேயும் இந்நோய் ஒளிந்திருக்கலாம்.

நம் தட்டுகள் இன்று அமைதியாக இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களுள் நூற்றுக்கு 12.6 பேர் உரிய எடைக்குக் குறைந்தவர்கள், 40.4 பேர் உரிய எடையை மிஞ்சியவர்கள். இவை நோயாளிகளின் எண்ணிக்கை அல்ல. ஆயினும் ஒரே தெருவில் ஒருத்தியை “எலும்பாயிட்டியே” என்றும் மற்றொருத்தியை “பூசணிக்காய்” என்றும் அழைக்கும் நாவுகளுக்கு இங்கே வேலை மிகுதி என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. மனநோய்களுள் உயிரிழப்பு மிகுதியாக நிகழும் நோய்களில் அனோரெக்சியாவும் ஒன்று. இதைக் கேலிக்குரியதாக்குவோர் எதைக் கேலி செய்கிறோம் என்று அறியாதவர்கள்.

மனம் வைத்தால் போதுமா?

“மனம் வைத்தால் எல்லாம் முடியும், கொஞ்சம் கொஞ்சமாக என்ன வேண்டியிருக்கிறது?” என்பது இரண்டாவது வாதம். மனவுறுதியைப் போற்றுவதுபோல் தோன்றினாலும், நோயுற்றவரை மனவுறுதியற்றவர் எனத் தீர்ப்பிடுவதே இதன் உட்பொருள்.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45-இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வை நடத்தினார். போரால் பட்டினி கிடந்த மக்களை மீட்பது எப்படி என்று அறிவதே அதன் நோக்கம். ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராது என்று மறுத்த 36 இளைஞர்கள் அதற்குத் தாமாக முன்வந்தனர். உடல்நலமும் மனநலமும் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். அரசின் ஆணையையே மறுக்கத் துணிந்தவர்களுக்கு மனவுறுதி இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்து, தம் எடையில் ஏறக்குறைய கால்பங்கை இழந்தனர். விளைவு என்ன? இரவும் பகலும் உணவைப் பற்றிய நினைவே அவர்களை ஆட்கொண்டது. சமையல் நூல்களை எடுத்துவைத்துக்கொண்டு படித்தவர்கள் இருந்தனர். சினமும் சோர்வும் மிகுந்தன, நண்பர்களைவிட்டு ஒதுங்கினர். பட்டினி முடிந்த பின்னும் சிலர் பெருமளவு உண்டும் நிறைவு காணாது தவித்தனர். பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆயின.

இதிலிருந்து விளங்குவது ஒன்று: பட்டினி உடலை மட்டும் அன்று, மனத்தையும் திரிக்கிறது. திரிந்த மனத்தைப் பார்த்து “மனம் வை” என்பது, ஒடிந்த காலைப் பார்த்து “ஓடு” என்பதை ஒத்தது.

இன்னொன்றும் உண்டு. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரெனப் பெருமளவு உணவு கொடுத்தால் இரத்தத்தில் உள்ள உப்புச் சத்துகள், சிறப்பாகப் பாஸ்பேட், தாழ்ந்து இதயத்துக்கே ஆபத்து நேரலாம். இரண்டாம் உலகப் போரில் விடுவிக்கப்பட்ட கைதிகளிடம் மருத்துவர்கள் கண்டறிந்த உண்மை இது. ஆகவேதான் இன்றும் கடுமையாக மெலிந்தவர்களுக்கு மருத்துவர் கண்காணிப்பில் சிறிது சிறிதாக உணவைக் கூட்டுகின்றனர். சிறிய அளவில் தொடங்குவது இரக்கத்தால் தரப்படும் சலுகை அன்று, அதுவே மருத்துவம்.

கட்டுமீறி உண்பவர் நிலையும் இதுவே. இரவில் மிகுதியாகத் தின்றவர், “நாளை முழுவதும் பட்டினி” என்று நேர்ந்துகொள்கிறார். பட்டினி பசியைப் பெருக்குகிறது. பசி மறுநாள் இரவு மீண்டும் அவரைச் சமையலறைக்கு இழுக்கிறது. எனவே, சிகிச்சையின் தொடக்கமே வேளை தவறாது உண்பதுதான். அவருடைய முதல் வெற்றி ஒரு வேளையைக் குறைத்ததில் இல்லை. காலை உணவைத் தவிர்க்காமல் உண்டதில் இருக்கிறது. இதை அறியாத சுற்றத்தார், “இவ்வளவு உடம்பை வைத்துக்கொண்டு காலையிலும் நாலு தோசையா?” என்று கேட்டு, எழுந்து நிற்க முயன்றவரை மறுபடியும் கீழே தள்ளுகின்றனர்.

நோன்பின் பெயரால்

மூன்றாவது வாதம் நம் நம்பிக்கை வாழ்வின் பெயரால் எழுவதால் மிகுந்த கவனத்துக்குரியது. “ஒருசந்தியும் சுத்தபோசனமும் நம் முன்னோர் காத்த அறங்கள் அல்லவா? உண்ணாமை புனிதம் என்றால் உண்பதைப் போற்றுவது எங்ஙனம்?”

நோன்பை நாம் பழிக்கவில்லை. ஆனால் நோன்பு வேறு, நோய் வேறு. நோன்பிருப்பவர் தம் விருப்பால் உணவை விடுகிறார். வேளை வந்ததும் நன்றியோடு உண்கிறார். நோயுற்றவரோ வேளை வந்தும் உண்ண இயலாது அஞ்சுகிறார். திருச்சபையின் சட்டமும் அளவறிந்தே பேசுகிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, திருநீற்றுப் புதன், புனித வெள்ளி ஆகிய இரு நாள்களில் மட்டுமே, 18 வயது நிறைந்தோர் முதல் 60-ஆம் வயதைத் தொடங்காதோர் வரை, நோன்புக் கடமை உண்டு. நோயுற்றோரை அக்கடமை கட்டுப்படுத்துவதில்லை என்பது திருச்சபையின் நெடுங்கால மரபு. சட்டமே விலக்கு அளித்தவர்களின்மேல் நம் ஊர்வாய் சுமை ஏற்றுவது எந்த முறையில் நியாயம்?

புனிதர்களைக் காட்டுவோர் உண்டு. சியன்னா நகரப் புனித கத்தரீன் (1347-1380) ஏறக்குறைய உணவின்றியே வாழ்ந்தார் என்பதை மறையுரைகளில் வியந்து சொல்வர். ஆனால் தம் உண்ணாமையைக் குறைகூறிய புளோரன்ஸ் நகரத்தார் ஒருவருக்கு அவர் எழுதிய மடலை எத்தனை பேர் எடுத்துக்காட்டுகின்றனர்? மற்ற மனிதரைப் போலத் தாமும் உண்டு வாழ இறைவன் அருள்புரிய வேண்டும் என்று தாம் இடைவிடாது மன்றாடுவதாகவும், நாளுக்கு ஓரிரு முறை தம்மையே வற்புறுத்தி உணவு கொள்வதாகவும் அதில் அவர் குறிப்பிடுகிறார். உண்ணாமையைத் தம் பெருமையாக அவர் கொண்டாடவில்லை. அதிலிருந்து நலம்பெற வேண்டினார். அவருடைய பட்டினியை வியக்கும் நாம், அவர் வருந்தி உட்கொண்ட அந்த ஓரிரு கவளங்களையும் வியக்க வேண்டாமா? அவர் 33-ஆம் வயதில் மறைந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

புனித லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் மன்ரேசாவில் கடுந்தவம் இயற்றினார். மனக்கலக்கத்தால் ஒரு வாரம் முழுவதும் உணவின்றி இருந்தவரை, அவருடைய ஒப்புரவுக் குருதான் நோன்பை முடிக்குமாறு கட்டளையிட்டார். அத்தகைய தவங்களால் உடல்நலம் குன்றிய அவரே, 1548-இல் பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதிய மடலில், நோன்பைக் குறைத்து உடலைப் பேணுமாறு அறிவுறுத்தினார். துறவிகளுக்கு ஒழுங்கு வகுத்த புனித ஆசீர்வாதப்பரும், பிறர் உண்ணும் அளவை வரையறுக்கத் தமக்குத் தயக்கம் உண்டென்று எழுதியே வரையறுத்தார். புனிதர்களுக்கு இருந்த தயக்கம் நம் அண்டை அயலாருக்கும் இருந்தால் எவ்வளவு நலம்!

சிறிதைப் போற்றினால் சோம்பல் வருமா?

“ஓர் இட்லிக்கே பாராட்டினால், அதோடு நின்றுவிடுவார்களே” என்பது கடைசி வாதம். குழந்தை முதல் அடியெடுத்து வைக்கும்போது கைதட்டாத வீடு உண்டா? கைதட்டியதால் நடையை நிறுத்திய குழந்தைதான் உண்டா?

‘எல்லாம் அல்லது ஒன்றுமில்லை’ என்னும் எண்ணம் இந்நோயின் வேர்களுள் ஒன்று. ஒரு வேளை தவறினால் “எல்லாம் போயிற்று” என்று முடிவுகட்டி, எஞ்சிய நாள் முழுவதையும் கைவிடுவது நோயின் இயல்பு. முழு வெற்றியை மட்டுமே மதிக்கும் குடும்பம், தானறியாமலே நோயின் மொழியைப் பேசுகிறது. ஆறு நாள் நன்றாக உண்டு ஏழாம் நாள் தவறியவரிடம் அந்த ஆறு நாள்களும் அழிந்துவிடவில்லை என்று எடுத்துச் சொல்வது, பிழையை மறைப்பதன்று, உண்மையைச் சொல்வது.

நம் மரபு இதை அறியாததன்று. இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளில் ‘தனி ஆய்வு’ என்றொரு முறை உண்டு. ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடுகள். தவறிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி. இரவில் இரண்டாம் கோட்டை முதல் கோட்டோடு ஒப்பிட வேண்டும். பின்னர் இன்றைய நாளை நேற்றோடும், இவ்வாரத்தைச் சென்ற வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். புள்ளியே இல்லாத கோட்டை முதல் நாளே அவர் கேட்கவில்லை. முன்னதைவிடப் பின்னது திருந்தியதா என்றே கேட்டார். உணவோடு போராடுவோர் ஏற்கெனவே தம்மைக் குற்றஞ்சாட்டிக் களைத்தவர்கள். அவர்கள் தவறுகளுக்குப் புள்ளி வைக்க வேண்டாம். முன்னேறிய அடிகளுக்கே புள்ளி வைக்கட்டும்.

விவிலியம் இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. பத்து வெள்ளிக் காசுகளில் காணாமற்போன ஒன்றைக் கண்டெடுத்த பெண், அந்த ஒன்றுக்காகவே தோழியரையும் அண்டை வீட்டாரையும் அழைத்து மகிழ்கிறாள் (லூக் 15:8-10). சாவை வேண்டிச் சூரைச்செடியின் அடியில் படுத்த எலியாவிடம் வானதூதர் நீண்ட அறிவுரை கூறவில்லை. எழுந்து உண்ணச் சொன்னார். எலியா சிறிது உண்டு பருகி மீண்டும் படுத்துக்கொண்டார். வானதூதர் கடிந்துகொண்டாரா? இல்லை. இரண்டாம் முறையும் வந்து தட்டியெழுப்பி உண்ணச் செய்தார் (1 அர 19:5-8). ஓரேபு மலைவரை நாற்பது நாள் நடந்த பயணத்தின் தொடக்கம், பாதியில் நின்று மறுபடி தொடர்ந்த அந்த உணவுதான். யாயிரின் மகளை உயிர்ப்பித்த ஆண்டவர், வியந்து நின்றவர்களிடம் சொன்னது அவளுக்கு உண்ணக் கொடுக்குமாறுதான் (மாற் 5:43). பெரும் வல்ல செயலை நிகழ்த்தியவர் சிறு கவளத்தை மறக்கவில்லை.

செய்ய வேண்டியன

முதலாவது, நாவைக் காப்போம். “இளைச்சு அழகாயிட்டே” என்னும் பாராட்டு நோய்க்குப் பரிசாகிவிடும். நலம்பெற்று வருபவரிடம் “இப்பத்தான் சதை போட்டிருக்கே” என்று சொன்னால், அன்பால் சொன்ன அச்சொல்லும் அச்சத்தையே கிளப்பும். உடலைப் பற்றிப் பேச வேண்டாம். “இன்னைக்கு எங்களோட உட்கார்ந்து சாப்பிட்டியே, சந்தோஷம்மா” என்றால் போதும்.

இரண்டாவது, போற்றும் முறையை அறிவோம். உணவை வென்றதற்கு உணவாலேயே விருந்து வைப்பதும், எடை இயந்திரத்தின் எண்ணைப் பார்த்து மகிழ்வதும் பொருத்தமற்றவை. நாள்காட்டியில் ஒரு குறி, இரவுச் செபத்தில் அவர் விரும்பினால் ஒரு நன்றி மன்றாட்டு, மாலையில் சேர்ந்தொரு நடை: இவையே போதும். வளரிளம் பருவத்தினருக்காக இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான சிகிச்சை முறை, பெற்றோரைக் குற்றவாளிகளாக்காமல், பிள்ளையோடு ஒவ்வொரு வேளையும் அமரும் துணைவர்களாக்குகிறது. நம் கூட்டுக் குடும்ப மரபுக்கு அது அயலானது அன்று.

மூன்றாவது, பங்குகள் தம் பங்கை ஆற்றட்டும். தவக்கால அறிவிப்பில், நோயுற்றோர்க்கு நோன்புக் கடமை இல்லை என்றும், உணவைக் கண்டு அஞ்சுவோர்க்கு உண்பதே ஒறுத்தலாக அமையலாம் என்றும் ஒரு வரி சேர்க்கலாம். எத்தனை நாள் உபவாசம் என்று இளையோரிடையே போட்டி வளர்ப்பதை விடலாம். அசன விருந்தில் “இன்னும் கொஞ்சம்” என்று இலையில் திணிப்பதையும், உண்ணாதவரைச் சுற்றி நின்று வினவுவதையும் தவிர்க்கலாம். ஒப்புரவு அருளடையாளத்தில் “பெருந்தீனி” என்று தம்மைக் குற்றஞ்சாட்டி அழுபவருக்கு, பாவமன்னிப்போடு மருத்துவரையும் நாடச் சொல்வது மேய்ப்புப் பணியின் கடமை.

நான்காவது, மருத்துவத்தைத் தள்ளிப்போடக் கூடாது. மயக்கம், மாதவிலக்கு நின்றுபோதல், ஓயாத வாந்தி, விரைவாக மெலிதல், நெஞ்சுப் படபடப்பு, வாழ்வில் வெறுப்பு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். நடுவண் அரசு 2022-இல் தொடங்கிய ‘டெலி மனஸ்’ உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம். செபம் மருத்துவத்துக்கு மாற்றாகாது; அதனோடு கைகோத்து நடக்கும்.

உயிர்த்த ஆண்டவர், அஞ்சி நின்ற சீடர்கள் முன் தாம் உயிரோடிருப்பதைக் காட்ட எதைச் செய்தார்? அவர்கள் கொடுத்த வேகவைத்த மீன் துண்டு ஒன்றை அவர்கள் கண்முன் உண்டார் (லூக் 24:42-43). அவர் கேட்டது விருந்தன்று. ஒரு துண்டு போதுமாயிருந்தது. நம் வீடுகளில் நடுங்கும் கையால் எடுக்கப்படும் ஒரு கவளமும் உயிர்ப்பின் அடையாளமே. அதைக் கண்டு மகிழும் கண்கள் நம் குடும்பங்களுக்கு வாய்க்கட்டும்.